உருளை ஆறும் முன்

மலைச்சரிவில் அடுக்கடுக்காய் எழுந்து நின்ற பெரிய மருத்துவமனையின் எண்ணற்ற சாளரங்களும் சாயும் கதிரவனை நோக்கிக் கண்கூசி நிற்க, அதன் அடிவாரத்தில், நோயுற்றோர் கண்ணுக்கும் நலமுற்றோர் கண்ணுக்கும் ஒருங்கே மறைந்து, தாழ்ந்த கூரையும் உயர்ந்த புகைபோக்கியும் கொண்டு கிடந்தது வெளுப்புக்கூடம். காலையெல்லாம் வெண்ணிற ஆவியை வானுக்கு விடுத்து, முகிலுக்கும் தனக்கும் உறவுண்டு என்பதுபோல் பெருமூச்செறிந்திருந்த அக்கூடம், பிற்பகல் சாய்ந்த அவ்வேளையில், காலை முறைப் பெண்கள் கைகழுவவும் மாலை முறைப் பெண்கள் தலைத்துணி கட்டவும் இடம்விட்டு, கொதிகலன் அடங்க, மெல்ல மூச்சைத் தாழ்த்திக்கொண்டிருந்தது. மேலே படுத்திருப்போர் எவரும், தம் முதுகின்கீழ் விரிந்த வெண்மை எவர் வியர்வையில் விளைந்தது என்று கேட்டதில்லை. கேளாமையால் அவ்வெண்மை குறைந்ததும் இல்லை.

கூடத்தின் நடுவே நின்றன விரிப்புகளை அழுத்தித் தேய்க்கும் நீராவி உருளைகள். ஈர விரிப்பை ஒருபுறம் ஊட்டினால், மறுபுறம் அது மொடமொடவென்று வெந்து வெளுத்து வெளிவரும். நாள்முழுதும் ஓடிய உருளையின்மேல் கஞ்சி மெல்லிய தோலாய்ப் படியும். உருளை சூடாக இருக்கும்போதே அத்தோலைத் துணியால் வழித்து, மெழுகு பூசிவிட்டால், அது பால்போல் வழுக்கும்; ஆறவிட்டாலோ, கஞ்சி இறுகிக் கல்லாகி, மறுபடி ஆவி ஏறுகையில் கருகி, அடுத்து வரும் விரிப்பிலெல்லாம் பழுப்புத் தழும்பாய் இறங்கும். ஆகவே வருகிறவளுக்காகப் போகிறவளால்தான் துடைக்க முடியும். வருகிறவளால் தனக்காகத் தானே துடைத்துக்கொள்ள முடியாது. படிப்போரே, இவ்வொரு சிறு நெறியின்மேல்தான் இக்கதை நிற்கிறது.

அங்கே ஓர் உருளையின்முன் நின்றவளை வீட்டில் மூத்தவள் என்பர். கூடத்தில் அக்கா என்பர். பேச்சுக் குறைந்தவள், சிரிப்பு அதனினும் குறைந்தவள். அவளுடைய தங்கையும் முன்பு அதே கூடத்தில்தான் வேலை செய்தாள். சென்ற மழைக்காலத்தில் இளையவள், கழித்துப்போட்ட கிழிந்த விரிப்பொன்றைத் தன் கைக்குழந்தைக்குக் கீழே விரிக்க எடுத்துப்போனாள். அதைக் கண்டு கண்காணியிடம் சொன்னவள் மாலை முறைப் பெண்ணொருத்தி. ஒல்லியாய், உலர்ந்து, ஒரு சொல்லில் பற்றிக்கொள்ளும் இயல்பினளாய் இருந்தமையால் சுள்ளி என்று பெயர் பெற்றவள். அன்று மாலையே இளையவள் வெளியே அனுப்பப்பட்டாள். திருடி என்ற சொல் அவளுக்கு முன்பாகவே தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

கூடம் சுள்ளியை மன்னிக்கவில்லை. அவளோடு எவரும் பேசவில்லை. அவள் உருளையை எவரும் துடைத்து வைக்கவில்லை. தழும்பேறிய விரிப்புகள் மேலேயிருந்து திரும்பி வந்தன. இன்னும் ஒரு முறை இப்படி நேர்ந்தால் அவளும் போகவேண்டியதுதான் என்று கண்காணி அறிவித்தார். அறிவித்த கையோடு, பெண்கள் வேண்டிக்கொண்டபடி, அவளை மூத்தவளின் உருளைக்கு மாற்றியும் விட்டார்.

"உன் கையில கொடுத்தாச்சுக்கா," என்றாள் அருகில் நின்று விரிப்பு மடிக்கும் மடிப்புக்காரி, விருந்து படைத்தவள் போன்ற முகத்தோடு. "நீ ஒண்ணுமே செய்ய வேணாம். கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போ, போதும்."

மூத்தவள் நாள்தோறும் விடியலில் சிலுவை உயர்ந்த திருக்கோவிலுக்குப் போகிறவள். எல்லாரும் சேர்ந்து சொல்லும் மன்றாட்டில், எமக்குத் தீங்கு செய்தோரை யாம் பொறுப்பதுபோல் எம்மையும் பொறுத்தருளும் என்று வேண்டும் அடி வந்ததும், தங்கை வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாள்முதல் அவள் வாயை மூடிக்கொண்டாள். இறைவனிடம் பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. பிறர் குரல்கள் அவ்வடியைக் கடந்து போகும்வரை, ஆற்றைக் கடக்க முடியாமல் கரையில் நிற்பவள்போல் நின்று, அடுத்த அடியில் சேர்ந்துகொள்வாள்.

சுள்ளி அவ்வுருளைக்கு வந்த முதல் நாள், ஆவி அடங்கிய பின் மூத்தவள் கை கழுவினாள், தலைத்துணியை அவிழ்த்தாள், வாயில்வரை நடந்தாள். பின்னால் உருளை சூட்டோடு நின்றது. கணத்துக்குக் கணம் ஆறிக்கொண்டிருக்கும் அவ்விரும்பின் வெம்மை முதுகில் உறைக்க, அவள் நெஞ்சில் இரக்கம் ஒரு துளியும் எழவில்லை. எழுந்தது ஒரு பிடிவாதம். வாய் சொல்ல மறுப்பதைக் கை சொல்லிப் பார்க்கட்டுமே என்று எண்ணினாள். இன்று ஒரு நாள் மட்டும் என்று எண்ணினாள். திரும்பி வந்து துணியை எடுத்தாள்.

மடிப்புக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள். "என்னக்கா, கை பழக்கத்துல போகுதா?"

"இல்ல. தெரிஞ்சுதான் துடைக்கிறேன்."

"நாங்க என்ன அவளை அடிக்கவா சொன்னோம்? சும்மா போகத்தானே சொன்னோம்?"

"சும்மா போனா என்ன ஆகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சுகிட்டே போறது சும்மா போறது இல்ல."

மறுநாளும் இன்று ஒரு நாள் மட்டும் என்றே துடைத்தாள். அதற்கு மறுநாளும் அவ்வாறே. தேநீர் வேளையில் பெண்கள் அவளுக்கு இடம் விடாமல் நெருங்கி உட்கார்ந்தனர். "அக்கா தலையைச் சுத்தி ஒரு வெளிச்சம் வருது பாருங்கடி," என்றாள் மடிப்புக்காரி. "அதுலயே டீயைச் சுட வச்சுக்கலாம், கேஸ் மிச்சம்." எல்லாரும் சிரித்தனர். மூத்தவள் நின்றபடியே தன் கோப்பையை ஊதி, "சர்க்கரை மட்டும் நீ போட்டுக்க," என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது, சினம் அடங்கவில்லை.

சுள்ளியோ நன்றி சொல்லவில்லை. வந்ததும் தன் வெள்ளைக் கைத்துணியை உருளையின்மேல் நெடுக இழுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுக்கு எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்னும் உறுதி அவள் கண்ணில் இருந்தது.

"எதுக்கு இந்த நடிப்பு?" என்றாள் ஒரு நாள். "என்னைக் கவுக்கத்தானே ஏதோ பண்ற?"

"நடிப்புன்னே வச்சுக்க. உருளை சுத்தமா இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன."

இதைவிடக் கடினமான களம் வீட்டில் காத்திருந்தது. குறுகிய கூடமும் ஒரு சாளரமும் கொண்ட அவ்வீட்டில், இளையவள் குழந்தையை மடியில் கிடத்தி, வாயிலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பாள். செய்தி அவளை எட்டிய மாலையில் விளக்கும் ஏற்றாமல் கேட்டாள்.

"துடைச்சியா?"

"துடைச்சேன்."

"என் வேலை போச்சு, என் பேரு போச்சு. தெருவுல எவளும் என் முகத்தைப் பார்த்துப் பேசறதில்ல. நீ அவளுக்கு மெழுகு போட்டு வழிச்சு விட்டுட்டு வர்ற."

"உனக்கு எதிரா எதுவும் செய்யலடி."

"எனக்காகவும் எதுவும் செய்யல." குழந்தை பெரியம்மாவைக் கண்டு கையை நீட்டியது, இளையவள் அந்தச் சிறு கையை மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அவளுக்குத் துடைச்ச கையால என் பிள்ளையைத் தூக்காதே."

பிள்ளைப்பேறு வாய்க்காத மூத்தவளுக்கு உலகில் இனித்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்படிக்குப் போய், இருட்டிலேயே சோற்றை வடித்தாள். அன்றுமுதல் அழும் குழந்தையின் அருகே நின்று வாயால் ஆறுதல் சொன்னாளே அன்றி, கை நீட்டவில்லை. மறுநாளும் உருளையைத் துடைத்தாள்.

அறம் செய்தால் உள்ளம் இனிக்கும் என்று கேட்டிருந்தாள், அவளுக்கு இனிக்கவில்லை. நாள்தோறும் சுள்ளியின் முகம் நினைவில் எழுந்தது; நாள்தோறும் கையைப் புதிதாய் இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. எனினும், உப்புநீரில் தொங்கவிட்ட நூலில், பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கே புலப்படாமல் மணிமணியாய்ப் படிகம் ஏறுவதுபோல், அவளுள் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. விடியற்கால மன்றாட்டில் அந்த ஓரடியில் அவள் வாய் இன்னும் மூடித்தான் இருந்தது. ஆயின், முன்போல் பல்லைக் கடித்துக்கொண்டு மூடவில்லை.

மருத்துவமனைப் பெரியவர்கள் வெளுப்புக்கூடத்தைப் பார்வையிட வரும் நாள் குறிக்கப்பட்டது. அன்று மாலை முறையின் விரிப்பில் ஒரு தழும்பு தென்பட்டாலும் சுள்ளி அங்கு இருக்க மாட்டாள் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். அப்பிற்பகல், முறை முடியுமுன்னரே ஆவியின் ஓசை திடீரென்று தேய்ந்தது. கொதிகலன்காரர் ஆவியின் அடைப்பானை முன்கூட்டியே திருகி மூடிவிட்டார். மூத்தவள் துடைக்கும் துணி வைத்த மூலையைப் பார்த்தாள், துணி இல்லை. மெழுகுக் கட்டியும் இல்லை. சுற்றிலும் நின்ற பெண்கள், தம் விரல் நகங்களில் ஏதோ பெரும்பொருளைக் கண்டவர்போல் தலைகுனிந்து நின்றனர்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. உருளையில் பாதி புகுந்திருந்த விரிப்பை இழுத்துப் போட்டாள். தன் மேலங்கியை அவிழ்த்துச் சுருட்டி, உருளையின்மேல் அழுத்தி வழிக்கத் தொடங்கினாள். அங்கித்துணி மெல்லியது, வெம்மை அதனூடே உள்ளங்கையைச் சுட்டது. அன்று மாலை திருக்கோவிலில் ஏற்றவென்று வாங்கிப் பையில் வைத்திருந்த மெழுகுவத்தியை எடுத்து, திரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நெடுக இழைத்தாள். கடைக்கோடியில் துணி வழுக்க, மணிக்கட்டு இரும்பில் பட்டது. அவள் பல்லைக் கடித்தாளே அன்றி நிறுத்தவில்லை.

கண்காணி விரைந்து வந்தார். "யாரும்மா உன்னைத் துடைக்கச் சொன்னது? ஆவி நின்னாச்சு. கிளம்பு."

"ஆவியைச் சீக்கிரமா நிறுத்தச் சொன்னது யாரு சார்?"

அவர் கொதிகலன்காரரைப் பார்த்தார். கொதிகலன்காரர் கூரையைப் பார்த்தார். மடிப்புக்காரி முன்னே வந்து, "உன் தங்கச்சிக்காகத்தான்க்கா இவ்வளவும்," என்றாள்.

அப்போதுதான் மூத்தவள் நிமிர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை. கூடம் அமைதியாய் இருந்தமையால் எல்லாருக்கும் கேட்டது.

"என் தங்கச்சியை வெளியே போகச் சொன்னது சார்தானே? அன்னைக்கு அவ அழுதுகிட்டே இந்த வாசல் வழியாத்தான் போனா. நீங்க எல்லாரும் இங்கதான் நின்னீங்க. 'அது கழிச்சுப் போட்ட துணி சார்'னு ஒருத்தியும் சொல்லல. நானும் சொல்லல. அன்னைக்கு வராத பாசம் இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு?"

மூத்தவள் மறுபடி உருளையின்மேல் குனிந்தாள்.

"சுள்ளி செஞ்சது தப்புதான். நான் மறக்கல. மறக்காமதான் துடைக்கிறேன். ஆவியை நிறுத்துங்க, துணியை ஒளிச்சு வையுங்க. நாளைக்கு என் தலைத்துணி இருக்கு. அதுவும் போச்சுன்னா வெறுங்கை இருக்கு. சார், வேணும்னா என்னையும் அனுப்பிடுங்க. போற அன்னைக்கும் துடைச்சுட்டுத்தான் போவேன்."

கண்காணி கொதிகலன்காரரை வைதபடி திரும்பிப் போனார். மாலை முறைப் பெண்கள் உள்ளே வரத் தொடங்கினர். சுள்ளி வந்தாள், உருளையைக் கண்டாள், கருகிய அங்கியைக் கண்டாள், சிவந்து கொப்பளித்த மணிக்கட்டைக் கண்டாள். அன்று அவள் வெள்ளைக் கைத்துணியை எடுக்கவில்லை.

"நான் சொன்னது பொய் இல்ல," என்றாள், எவரோ குற்றம் சாட்டியதற்கு விடை கூறுபவள்போல். "உன் தங்கச்சி எடுத்தா."

"எடுத்தா. நீ சொன்ன. ரெண்டும் நடந்ததுதான்." மூத்தவள் பையைத் தோளில் மாட்டினாள். "ஆவி ஏறப்போகுது. வேலையைப் பாரு."

சுள்ளி உதட்டைக் கடித்துக்கொண்டு முதல் விரிப்பை உதறினாள். அது உருளைக்குள் புகுந்து, மறுபுறம், ஒரு தழும்புமின்றி வெளிவந்தது. அதைக் காண மூத்தவள் அங்கு நிற்கவில்லை.

வீட்டில் இளையவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, களிம்பை எடுத்துவந்து, தடவத் தெரியாதவள்போல் முரட்டுத்தனமாய்த் தடவினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நாளைக்கும் துடைப்பியா?"

"துடைப்பேன்."

"அவ உன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னாளா?"

"இல்ல."

இளையவள் களிம்புப் புட்டியை மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். எழுந்து போய், உறங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்துவந்து, அக்காளின் பாயில், அவளருகே கிடத்தினாள்.

"தூக்காதே," என்றாள். "பக்கத்துல படுத்துக்கட்டும்."

அது பழைய சினத்தின் ஆணையா, சூடுபட்ட கைக்கு இரங்கிய சொல்லா என்று மூத்தவள் கேட்கவில்லை. குழந்தையின் மூச்சு தன் தோளில் வந்து படுமாறு ஒருக்களித்துப் படுத்து, கையை மட்டும் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விண்ணினின்று பேரொளி இறங்கித் தூயோரை ஆக்கும் நாளும் இருக்கக்கூடும். அதை நாம் அறியோம். நாம் அறிந்தது, பகை தன் வேலையை எளிதாகவே செய்துகொள்கிறது என்பது. நல்லவர் கை கழுவிக்கொண்டு வீடு திரும்பினால் அதற்குப் போதும். அவ்வாறு திரும்ப மறுத்து, இனிமையும் காணாமல், நன்றியும் பெறாமல், ஆறும் இரும்பின்முன் நாள்தோறும் ஒருமுறை நிற்பவளிடத்தில் அருள் சிறிது சிறிதாய்க் குடியேறுகிறது. அவள் அதை அறிவதும் இல்லை, அறியும் பொழுதும் அவளுக்கு இல்லை. ஏனெனில் மறுநாளும் பிற்பகல் சாய்ந்தது, கொதிகலன் அடங்கியது, பெண்கள் வாயிலை நோக்கி நடந்தனர். வலக்கை வீங்கியிருந்தமையால், மூத்தவள் துணியை இடக்கையில் எடுத்தாள்.