சத்தம் போடாத வீடு

சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது, என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிற இரும்புச் சக்கரம், அதன் விளிம்பில் படிந்த எண்ணெயில் வெயில் வழுக்குகிறது, தோல் பெல்ட் சுற்றுக்கு ஒரு தடவை தட்டுகிறது, டுக் டுக் டுக் என்று தரை என் உள்ளங்காலுக்குள் ஏறுகிறது, அப்போது யாரோ, ஐயா, காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்குங்க, வண்டி போகணும் என்கிறார்கள், கண் திறக்கிறேன், சக்கரம் இல்லை, பச்சை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி கட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள், கோயம்புத்தூர், ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, பிரசவ அறைக்கு எதிரே நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், இப்போது மதியம் இரண்டு, உள்ளே என் ஒரே மகள் சிந்துஜா, அவளோடு என் மனைவி தெய்வானை, மாப்பிள்ளை ஓசூரிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறார், கதவு திறக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் வருகிறது, மகளின் வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டிக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற மிஷினாம், டுக்டுக்டுக்டுக், எங்கள் எஞ்சினைவிட இரண்டு மடங்கு வேகம், ஆனால் அதே தாளம், கதவு மூடினால் நின்றுவிடுகிறது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வேறு ஒரு சத்தமும் இல்லை, எட்டு மணி நேரமாக இல்லை, எனக்கு அதில் பெருமையாகத்தான் இருக்கிறது, எங்கள் வீட்டுப் பெண்ணல்லவா.

காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் வீட்டை மில் வீடு என்றால்தான் தெரியும், அரிசி மில்லும் வீடும் ஒரே சுவர், அந்தச் சுவரை ஒட்டிய மேற்கு அறையில்தான் நாங்கள் எல்லோரும் பிறந்தோம், வீட்டில் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டால் ஆண்கள் மில்லுக்குப் போய் எஞ்சினைக் கிளப்பிவிட வேண்டும், குழந்தை தரைக்கு வரும்வரை அது நிற்கக் கூடாது, நின்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் தாத்தா வைத்த வழக்கம், அரைக்க நெல் இருந்தால் அரைக்கலாம், இல்லாவிட்டால் வெறுமனே ஓட வேண்டும், என் கடைசித் தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயது, அப்பா வேட்டியை மடித்துக் கட்டி ஹேண்டிலைச் சுற்றுகிறார், புகைக்குழாய் மூன்று தடவை கருப்பாக இருமுகிறது, பிறகு சீராகிறது, மாலையில் அம்மா வெளுத்த முகத்தோடு படுத்திருக்கிறாள், அப்பா ஊர்க்காரர்களிடம், அஞ்சு பெத்தா, ஒண்ணுக்கும் வாயத் தொறக்கலீங் என்கிறார், அவர்கள் தலையாட்டுகிறார்கள், மில் வீட்டுப் பொம்பளைங்கன்னா சும்மாவா என்கிறார்கள், அந்தப் பேச்சு எங்கள் சொத்து மாதிரி, பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லுவோம், பெண் எடுக்கப் போகிற இடத்திலும் சொல்லுவோம்.

சிந்துஜாவுக்கு ஏழாம் மாதம் போட்ட கட்டுச்சோறு விருந்தில் நானும் அதைச் சொன்னேன், பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் நாற்பது பேர் வந்திருந்தார்கள், சம்பந்தி சென்னியப்பன், இப்பவெல்லாம் வலியில்லாமப் பெத்துக்க முதுகுல ஊசி போடறாங்களாமுங், நம்ம புள்ளைக்கும் கேட்டுப் பாத்துக்கலாமுங் என்றார், நல்ல மனசில்தான் சொன்னார், எனக்கு மேலெல்லாம் எரிந்தது, எழுந்து நின்றேன், எங்க ஊட்டுப் பொண்ணுகளுக்கு ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாமுங் சம்பந்தி, பிரசவத்துல சத்தம் போட்ட பொம்பளையே எங்க ஊட்டுல கெடையாதுங் என்றேன், சிந்துஜா வாயில் புளிச்சோற்றை வைத்துக்கொண்டு, ஏப்பா, நான் கத்துன கத்துல ஆஸ்பத்திரிக் கண்ணாடி ஒடஞ்சு போச்சுன்னா யாரு கட்டறது என்றாள், பந்தியே சிரித்தது, நான் சிரிக்கவில்லை, உங்கம்மா உன்னப் பெத்தப்ப மூச்சுக்கூடக் கேக்கல அம்மிணி, அத நெனப்புல வெச்சுக்க என்றேன், அவள் அம்மாவைப் பார்த்தாள், தெய்வானை குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு திறக்கிறது, டுக்டுக்டுக்டுக், டாக்டரம்மா வருகிறார், பின்னால் தெய்வானை, டாக்டரம்மா நின்றுகொண்டே பேசுகிறார், குழந்தை நல்லா இருக்குங்க, முதல் பிரசவம், இன்னும் நாலு மணி நேரமாவது ஆகும், முதுகுல மருந்து செலுத்தினா வலி குறையும், கொஞ்சம் தூங்கித் தெம்பு சேத்துக்கலாம், போட்டே தீரணும்னு இல்லை, மருந்தில்லாமலும் நல்லாப் பெத்துக்கலாம், எது வேணும்ங்கிறது அவங்க விருப்பம், ஆனா அவங்க விருப்பம் என்னன்னுதான் எனக்குத் தெரிய மாட்டேங்குது, எப்பக் கேட்டாலும் அப்பா, அப்பாங்கிறாங்க, அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, சொல்லிவிட்டு டாக்டரம்மா பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போகிறார், தெய்வானை என் எதிரே நிற்கிறாள், துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குதுங் அந்தப் புள்ள, ஒதடு பிஞ்சு ரத்தம் வருது, கத்து கண்ணுன்னு டாக்டரம்மாவே சொல்றாங், கத்த மாட்டேங்குது, சித்தெ உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லுங் என்கிறாள், என்னத்தச் சொல்றது, அதுக்கென்ன புதுசா, நீ ஊசி போட்டா பெத்த, நீ கத்துனியா என்கிறேன் நான், குரலை உயர்த்தாமல், அவள் என்னைப் பார்க்கிறாள், பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறாள், பிறகு சிரிக்கிறாள், முப்பத்தொரு வருஷமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு, ஏனுங், எஞ்சின ஓட்டிப்போட்டு என்ர சத்தம் கேக்கலீங்கறீங்களே, அந்த எஞ்சின் ஓடுனா பக்கத்துல பஸ் வந்து ஆரன் அடிச்சாலும் கேக்காதே, நான் போட்ட கூப்பாட்டுல மருத்துவச்சி காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா, எதுக்குங் அந்த எஞ்சின ஓட்டறீங்க, அரைக்கறதுக்கா, ஊட்டுப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும், உங்கம்மாவே என்ர காதுல சொன்னாங், எஞ்சின் ஓடுது, நல்லாக் கத்திக்க ஆத்தான்னு, சொல்லிவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டு, நடுவுல ஒருக்கா எஞ்சின் நின்னு போச்சல்லங், அப்பவுமா உங்களுக்குக் கேக்கல என்கிறாள்.

நின்றது, சிந்துஜா பிறந்த அன்று, காலையிலிருந்து வெறுமனே ஓடி மதியத்தில் டீசல் தீர்ந்து நின்றது, சக்கரம் தன் கனத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது, மெதுவாகிறது, பெல்ட் தொய்ந்து கடைசியாக ஒரு தடவை தட்டுகிறது, அதற்குப் பிறகு மில்லுக்குள் நான் அதுவரை கேட்டே இராத ஓர் அமைதி, தவிடு பறக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் எழுகிறது, நீளமாக, மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது யார் என்று தெரிகிறது, கையில் டீசல் கேனோடு நிற்கிறேன், மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் அப்பா என்னைப் பார்க்காமல், பெல்ட்டு காஞ்சு போயிக் கீச்சுங்குது பாரு, வெளக்கெண்ணெய் உடுறா என்கிறார், நின்ற பெல்ட் எப்படிக் கீச்சிடும் என்று நான் கேட்கவில்லை, விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்து ஓடாத பெல்ட்டில் ஒழுங்காகத் தடவினேன், டீசல் ஊற்றினேன், ஹேண்டில் வழுக்கிக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது, எஞ்சின் கிளம்பியது, மாலையில் அப்பா ஊராரிடம் சொன்னார், மூச்சுக்கூடக் கேக்கலீங், நான் பக்கத்தில் கட்டுப் போட்ட விரலோடு நின்று தலையாட்டினேன், அன்றிலிருந்து அது பெல்ட்தான், பல வருஷம் நானே நம்பினேன், நம்பியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து உள்ளே போகிறேன், யாரோ என்மேல் ஒரு நீல அங்கியைக் கட்டிவிடுகிறார்கள், சிந்துஜா கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கிறாள், தலைமுடி நனைந்து கழுத்தில் ஒட்டியிருக்கிறது, கையில் சுருட்டிய துண்டு, அதில் பல் தடம், என்னைப் பார்த்ததும் அந்த நிலையிலும் எழுந்து முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள், என் முதுகு, என் அப்பாவின் முதுகு, அப்பா, நான் சத்தம் போடலப்பா என்கிறாள், பரீட்சை எழுதிவிட்டு வந்து சொல்கிற மாதிரி, எனக்குக் கேட்டுச்சு அம்மிணி என்கிறேன், அவளுக்குப் புரியவில்லை, உங்கம்மா கத்துனது எனக்குக் கேட்டுச்சு, எஞ்சின் நின்னு போச்சு அப்ப, பெல்ட்டுச் சத்தம்னு சொல்லிப்போட்டேன், பெல்ட்டு இல்ல, அவள் அம்மாவைப் பார்க்கிறாள், தெய்வானை ஆமாம் என்று கண்ணை மூடித் திறக்கிறாள், அதற்குள் அடுத்த வலி ஏறுகிறது, சிந்துஜா துண்டைத் தூக்குகிறாள், பாதியில் நிறுத்துகிறாள், கீழே போடுகிறாள், வாயைத் திறக்கிறாள், அந்தக் குரலை நான் எப்படிச் சொல்ல, அழுகை இல்லை அது, கெஞ்சலும் இல்லை, ஒரு வண்டிப் பாரத்தை ஒற்றை ஆளாக மேட்டில் ஏற்றுகிறவளின் குரல், அறையை நிறைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போயிற்று, நான் காதைப் பொத்தவில்லை, வலி இறங்கியதும் மூச்சு வாங்கியபடி உதட்டைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி ஒடஞ்சுதாப்பா என்றாள், இல்ல அம்மிணி, இன்னும் ரண்டு தாக்குத் தாக்குனா ஒடஞ்சுரும் என்றேன் நான், அவள் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள், மருந்து போட்டாக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே, நான் முக்க முடியுமுங்களா, கால் எவ்வளவு நேரம் மரத்திருக்கும், ஒவ்வொன்றாகக் கேட்டாள், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம், கால் கனமா இருக்கும், முக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் கூடலாம், எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்போம் என்று ஒளிக்காமல் சொன்னார் டாக்டரம்மா, நெல்லைக் கையில் அள்ளி ஊதிப் பார்க்கிற வியாபாரி மாதிரி அவள் அந்தப் பதில்களை எடைபோட்டாள், அந்த வலிக்கு நடுவில், பிறகு, போட்டுருங் டாக்டர் என்றாள், என் பக்கம் பார்த்து, நீங்க வந்து சொன்னதுக்காக இல்லப்பா, அம்மா கத்துனாங்கறதுக்காகவும் இல்ல, எனக்கு வலிக்குது, அதனால போட்டுக்கறேன் என்றாள், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் சொல்லாத வாக்கியம், எனக்கு வலிக்குது, எவ்வளவு சின்னது.

என்னை வெளியே போகச் சொன்னார்கள், முழுசாகச் சாத்தாத கதவின் இடுக்கில் பார்த்துவிட்டேன், ஊசிக்காக அவளைக் கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு வில்லாக வளையச் சொன்னார்கள், அசையவே கூடாது என்றார் மயக்க மருந்து டாக்டர், தெய்வானை அவள் முன்னால் நின்று நெற்றியோடு நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தாள், அந்த நேரம் பார்த்து வலி வந்தது, அவள் கால்விரல்கள் மடங்கியதில் எனக்குத் தெரிந்தது, குரல் எழுந்தது, ஆனால் அந்த முதுகு ஒரு நூல் அசையவில்லை, வாய் கத்துகிறது, முதுகு கல்லாக நிற்கிறது, நிமிர்ந்த முதுகைத்தான் எங்கள் வீட்டில் புகழ்வோம், நான் அந்த வளைந்த முதுகைப் பார்த்துக்கொண்டு கை கூப்பாத குறையாக நின்றேன்.

மணி நாலரைக்குச் சம்பந்தியும் மாப்பிள்ளையும் வந்தார்கள், மாப்பிள்ளை நேரே உள்ளே போனார், சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்தார், காதைக் கொடுத்துக் கேட்டார், உள்ளே சிந்துஜா மருந்தில் கண்ணயர்ந்திருந்தாள், வராந்தாவில் மின்விசிறிச் சத்தம் மட்டும், சம்பந்தி என் தொடையைத் தட்டி, சொன்னாப்பல சாதிச்சுட்டாளுங் உங்க பொண்ணு, சத்தத்தையே காணோமுங், மில் வீடுன்னா மில் வீடுதான் என்றார், நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும், விரலில் கட்டோடு அன்று ஆட்டியது போல, நாற்காலியில் முதுகை இன்னும் நிமிர்த்தினேன், இல்லீங் சம்பந்தி என்றேன், மத்தியானம் வந்திருக்கோணும் நீங்க, என்ர மக போட்ட சத்தம் கீழ கார் நிறுத்தற எடம் வரைக்கும் கேட்டிருக்கும், இப்ப முதுகுல மருந்து போட்டுத் தூங்கறா, அவளாக் கேட்டுப் போட்டுக்கிட்டா, எங்க ஊட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் கத்தித்தானுங் பெத்திருக்காங், நாங்கதான் எஞ்சின ஓட்டிக்கிட்டு இருந்தோம், சம்பந்தி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார், பிறகு, அங்க வரைக்கும் கேட்டுச்சுங்களா என்றார், கேட்டுச்சுங் என்றேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தியில் கதவு திறக்கிறது, டுக்டுக்டுக்டுக், சக்கரம் மறுபடி சுற்றுகிறது, வெயில் வழுக்குகிறது, பிறகு மெதுவாகிறது, பெல்ட் தொய்கிறது, கடைசித் தட்டு, நிற்கிறது, தவிடு பறக்கிறது, அப்பா மூட்டை மேலிருந்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், நான் டீசல் கேனைத் தரையில் வைக்கிறேன், சுவரில் காதை வைத்து நிற்கிறேன், அந்தப் பக்கம் தெய்வானை கத்துகிறாள், அம்மா கத்துகிறாள், சிந்துஜா கத்துகிறாள், ஒவ்வொன்றையும் முழுசாகக் கேட்கிறேன், எல்லாவற்றுக்கும் பின்னால், புதிதாக, மெலிசாக, கோபமாக, இன்னொரு குரல் எழுகிறது, சம்பந்தி என் தோளைப் பிடித்து உலுக்குகிறார், கேட்டுச்சுங்களா, கேட்டுச்சுங்களா என்கிறார்.