பாவாடை கட்டிய நீலம்

"நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க!"

சொல்லி முடிப்பதற்குள் சிவப்புப் பொத்தானைத் தானே ஓங்கி அறைந்துவிட்டாள், அச்சகத்தில் எல்லோரும் 'மியூசியத்தம்மா' என்று கூப்பிடுகிறவள். இயந்திரம் பெருமூச்சு விட்டு நின்றது. வழுக்கி வந்த கடைசிப் புத்தக மேலுறையை உருவி, கலர் சரிபார்க்கிறவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்னண்ணே இது?"

"ராதா கிருஷ்ணர். லட்சணமா வந்திருக்கு."

"லட்சணமா! பாவாடை கட்டினது யாரு?"

"ராதை."

"கண்ணன்! அது கண்ணன்ணே!"

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மியூசியத்தில் இருக்கும் அசல், உள்ளங்கை அகல ஓவியம். அதில் ஒருவர் உடையை மற்றவர் மாற்றி அணிந்திருக்கிறார்கள். பாவாடையும் முக்காடுமாகக் கண்ணன், மஞ்சள் பட்டும் மயிற்பீலியுமாக ராதை. ஆளைக் காட்டிக்கொடுப்பது நிறம் ஒன்றுதான். அந்த நீல முகத்தை வைத்து மூன்று வருடம் மண்டையை உடைத்துப் புத்தகம் எழுதியிருக்கிறாள். சாயங்காலம் வெளியீடு, மேலுறை மட்டும்தான் பாக்கி. அதிலோ பாவாடைக்காரி செக்கச்செவேல், மயிற்பீலிக்காரர் கருநீலம். அச்சு அசல் காலண்டர் படம்!

"நீல முகம் உங்களுக்கு மை சிந்தின மாதிரியாண்ணே தெரிஞ்சுது?"

"பாவாடைக்கு மேல நீல முகம்னா ஊர் சிரிக்காதாம்மா? அதுவும் சொல்லித்தான் மாத்தினேன்."

"சிரிக்கட்டும்! காதல் முத்திப்போனா யார் அவன், யார் அவள்னே தெரியாமப் போயிடும். அதுதான் பக்தி. நூத்தியெண்பது பக்கம் அதைத்தான் எழுதியிருக்கேன். நீங்க ஒரே நாள்ல ரெண்டு பேரையும் பிரிச்சு வச்சுட்டீங்க, குடும்பக் கோர்ட்டு மாதிரி!"

மெஷின்காரர் களுக்கென்று சிரித்தார். கலர்காரர் முறைத்ததும் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"மூணு மணி நேரத்துல சரியான உறை வேணும். இப்படி மாத்தச் சொன்ன புண்ணியவான் யாருன்னும் தெரிஞ்சாகணும். சும்மா விடப்போறதில்லை."

"உறை வந்துடும். முதல்ல நீலமாத்தான் போட்டேன், அந்த ஃபைல் அப்படியே இருக்கு. ஆள் யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேப்பேன்!"

"வேண்டாம்மா. வருத்தப்படுவீங்க."

"அண்ணே!"

அவர் செல்போனைத் தேய்த்துத் தேய்த்து, நேற்று மதியம் வந்த செய்தியைக் காட்டினார். ஒரே வரி.

'கலரில் கவனம் அண்ணே, பாவாடை கட்டியிருப்பது அவள்தான்.'

'ன்' விழவேண்டிய இடத்தில் 'ள்'. அவ்வளவுதான் பிழை.

அனுப்பியது?

அவள்தான்.