எலி வரும்வரை நின்ற குண்டு

பைண்டிங்காரி மதியம் இரண்டரை மணிக்குச் சுட்ட குண்டு, எலி வரும்வரை காற்றிலேயே நின்றது. சில சமயம் பதினாறு மணி நேரம்கூட நின்றிருக்கிறது. எலி தலையை நீட்டியதும், விட்ட இடத்திலிருந்து மிச்ச தூரத்தைப் போய் முடித்தது. இதில் தெருவுக்கு வியப்பு ஒன்றும் இல்லை. எலிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற ரகமில்லை அவள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பழைய புத்தகங்களைத் தைத்து அட்டை போட்டுக் கொடுப்பது அவள் தொழில். மைதா பசைக்கு ஆசைப்பட்டுக் கொல்லைப்புறத்து எலிகள் பட்டறைக்குள் நுழைந்து, நூலகத்துக்காரர்கள் கொடுத்த முப்பது பதிவேடுகளின் முதுகை ஒரே வாரத்தில் தின்று தீர்த்தன. விஷம் வைத்தாள், அதையும் தின்றுவிட்டுப் பசைக்கு வந்தன. பொறி வைத்தாள், அதற்குள் குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தின.

அண்ணனுக்கு இது வசதியாகப் போயிற்று. அப்பா இருவர் பேருக்கும் எழுதிவைத்த வீடு அது. தங்கை ஒரு கையெழுத்துப் போட்டால் விற்றுவிடலாம். சொந்தக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் குரலைக் குழைத்தார்.

"எலி குடியிருக்கிற வீட்டுல நீ எதுக்கும்மா தனியா அல்லாடற? வித்துட்டு நிம்மதியா இரு."

"போறதுன்னா எலி போகட்டும்ணே. நான் எதுக்குப் போகணும்?"

"சரி, ஒரு வருஷம் டைம். கடைசி நாள் கொல்லையில உசுரோட ஒரே ஒரு எலி இருந்தாலும் நீ கையெழுத்துப் போடணும்."

"போடறேன். ஒண்ணுகூட இல்லைன்னா உன் பங்கை எனக்கு எழுதிக் குடுக்கணும். தலையை ஆட்டாத, வாயால சொல்லு."

சொன்னார். இத்தனை பேர் நடுவில் வேறென்ன செய்வார்.

மறுநாள் அவள் ஏர்கன் வாங்கி வந்தாள். சுவரோரம் மணல்மூட்டைகளை அடுக்கி, குழலை மடக்கிக் குண்டைச் செருகி, பொந்துக்கு நேராகச் சுட்டாள். பொந்தில் எலி இல்லை. குண்டு மூட்டைக்கும் போகாமல் தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. "சரி, இரு" என்று அதனிடம் சொல்லிவிட்டுத் தைக்கப் போனாள். காலையில் எலி கிடந்தது. அதன்பின் சாப்பிட்ட கையோடு தினம் ஆறு குண்டு. விடிந்ததும் எலிகளை இடுக்கியால் பொறுக்கிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பசை கிண்டுவாள். மாதங்கள் இப்படியே போயின. எதிர்வீட்டம்மாள் ஒரு குண்டில் துணிப்பையை மாட்டிப் பார்த்தாள், தாங்கியது.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் அண்ணன், ஆபத்து என்று எழுதிப்போட்டு ஓர் அதிகாரியை அழைத்து வந்தார். அதிகாரி நின்றிருந்த குண்டை டேப்பால் அளந்து, "அந்தரத்தில் உள்ளது, அசைவில்லை" என்று குறித்துக்கொண்டு துப்பாக்கியைக் கேட்டார்.

"அஞ்சு மணிக்குத் தர்றேன் சார். அதுவரைக்கும் என்னோடதுதானே?"

அவர் கையிலிருந்த தாளில் அதற்குப் பதில் இல்லை. அவள் நாலு டப்பா குண்டையும் கொல்லை முழுக்கச் சுட்டுத் தீர்த்தாள். ஐந்து மணிக்குத் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தாள்.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு, தெரு மொத்தமும் துணி உலர்த்துகிற சாக்கில் மொட்டைமாடியில் நின்றிருந்தபோது, அண்ணன் இரண்டு கோணி நிறைய எலிகளைச் சுவருக்கு மேலாகக் கொட்டினார். பிறகு சட்டையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்போல் அதிகாரியோடு முன்வாசல் வழியாக வந்தார்.

எலிகள் விழுந்த இடத்திலேயே செத்துக் கிடந்தன. காற்றில் நின்றிருந்த மிச்சக் குண்டுகளில் ஒன்று மெதுவாகத் திரும்பி, அண்ணனின் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அதிகாரி இரண்டடி விலகிக்கொண்டார்.

"என்னம்மா இது, என்னையே பாக்குது?"

"அதுக்கு இன்னும் சந்தேகம் தீரலபோல. நீ கையெழுத்தைப் போடுண்ணே."

பசை காய்ந்த மேஜையில் வைத்தே போட்டார்.

குண்டு அவரோடு வீட்டுக்குப் போயிற்று. கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லி முதல் நாலைந்து வருடம் தங்கையிடம் கெஞ்சினார். "சுட்டதோட என் வேலை முடிஞ்சுதுண்ணே, மிச்சத்தை அதுகிட்டப் பேசிக்கோ" என்று அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். முடிவெட்டுகிறவர் அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் சுற்றிப்போய் வெட்டுகிறார். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர சீட்டை அதற்கு விட்டுவிட்டு, அண்ணன் இந்தப் பக்கம் உட்காருகிறார். கண்டக்டரும் அதற்கு டிக்கெட் கேட்பதில்லை.