ஆலைக்குக் கீழே ஒரு வீடு

1

இந்தக் கதை எனக்குப் பூதலூர் ரயிலடி டீக்கடையில் கிடைத்தது. பக்கத்து பெஞ்சில் ஒருவர், "ஆறு நல்லாருக்கான்னு பூச்சியப் புடிச்சுப் பாத்துச் சொல்றாங்களாம்யா" என்றார். கூட இருந்தவர் சிரிக்கவில்லை. "சரிதானே, அங்கயே குடியிருக்கறது அதுங்கதானே" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுத வந்துவிட்டேன். மற்றதெல்லாம் கற்பனை.

முதல் வரி: வெண்ணாறு வெள்ளிக் கொலுசுபோல...

(வேண்டாம். இறங்கினால் முழங்கால் வரை சேறு.)

மறுபடி: ஆஷ்லின் வலையோடு ஆற்றில் இறங்கினாள்.

இது போதும்.

2

ஆஷ்லின் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறாள். கரையில் நிற்கும் ஹமீதா பானு அந்தக் கரையிலேயே அரிசி ஆலை நடத்துபவர். நெல் ஊறிய புளித்த தண்ணீரை அந்த ஆலை பல வருஷம் அப்படியே ஆற்றில் விட்டது. ஆற்றின் போக்கில் கீழே பயிர் வைத்திருந்த சகாயராஜ் ஊரைக் கூட்டிச் சண்டை போட்டார். ஹமீதா பானு ஆலையை நிறுத்தினார், தண்ணீரைச் சுத்தம் செய்யத் தொட்டிகள் கட்டினார், இப்போது கொஞ்சமாக ஓட்டிப் பார்க்கிறார். முழுசாக ஓட்டலாமா, மூடிவிடுவதா? ஆஷ்லின் சொல்வதைக் கேட்பதாக இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

(சகாயராஜை முதலில் வில்லனாக எழுதி, மீசைகூட வைத்தேன். நாற்றங்கால் அழுகிப்போன மனுஷனுக்கு அந்த வேஷம் பொருந்தவில்லை. மீசையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

3

ஆலைக்கு மேலே, ஓட்டம் உள்ள இடத்தில் அடிமண்ணைக் காலால் கலக்கி, வலையில் வந்ததை ஆஷ்லின் வெள்ளைத் தட்டில் கொட்டினாள். மூன்று வால் வைத்த குட்டிப் பூச்சிகள் ஓடின. மணலை ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள் அதை இழுத்துக்கொண்டு நகர்ந்தன.

"இதெல்லாம் நல்ல தண்ணியிலதான் இருக்கும்க்கா. தண்ணி கெட்டா முதல்ல போறது இதுங்கதான்."

பிறகு ஆலைக்குக் கீழே. தட்டில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தன.

"இது சாக்கடையிலயும் இருக்கும்" என்றாள், ஹமீதா பானுவின் முகத்தைப் பார்க்காமல். அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த வலையில் மூன்று வால் பூச்சி ஒன்று.

"அதோ இருக்கு, மேடம்" என்றார் ஹமீதா பானு.

"ஒண்ணுதானே. மேலேர்ந்து தண்ணி அடிச்சிட்டு வந்திருக்கும்" என்றாள் ஆஷ்லின்.

கூடவே கரையில் நின்ற சகாயராஜ் தலையாட்டினார்.

(இங்கே ஆஷ்லின் ஒரு பொய் சொன்னால் கதை சுலபமாக முடியும். சொல்லவைத்துப் பார்த்தேன். "தண்ணி நல்லாத்தான்..." அதற்குமேல் அவள் வாயில் வரவில்லை. அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் வலையை அலசிக்கொண்டு மறுபடி இறங்கிவிட்டாள்.)

4

"மேடம், குப்பை நடக்குது" என்றார் சகாயராஜ்.

தட்டில் ஒரு துரும்பு நிஜமாகவே நடந்தது. ஆஷ்லின் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். மேலே பார்த்த அதே கூடு கட்டும் புழு. ஆனால் கூட்டில் மணல் இல்லை.

"உமிக்கா. உங்க ஆலை உமி."

"அய்யோ, அது தப்பா?"

"இந்தப் புழு பக்கத்துல கிடைக்கறத ஒட்டித்தான் வீடு கட்டும். மேல உமியே கிடையாது. அப்ப இது அடிச்சிட்டு வந்ததில்ல. இங்கயே இருந்து, இங்கயே கட்டியிருக்கு."

இப்போது மூவருமே தண்ணீரில். ஹமீதா பானு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரித்தார். வலைக்கு வலை உமி வீடுகள். ஒரு தெருவே இருந்தது. இடையிடையே மூன்று வால்களும் வந்தன. ஆஷ்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முழுசா ஓட்டுங்க. ஆனா உமி ஆத்துக்கு வரக்கூடாது, மறைப்பு போடணும்."

"போட்டுட்டா பாவம், இதுங்க எதுல வீடு கட்டும்?"

"மணல் கிடக்குதேக்கா" என்றார் சகாயராஜ். சண்டைக்குப் பிறகு ஹமீதா பானுவை அவர் அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

5

முடிவு ஒன்று: ஆலை இரைச்சலோடு கிளம்ப, ஊரே திரண்டு...

(சத்தம் அதிகம்.)

முடிவு இரண்டு: ஆஷ்லினுக்குப் பிரியாணி.

(அது எப்படியும் நடக்கும், எழுத வேண்டியதில்லை.)

நடந்தது இவ்வளவுதான். சகாயராஜ் தட்டைச் சாய்த்து, புழுக்களை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார். ஹமீதா பானு கேட்டார்: "தம்பி, இந்த அறுப்புக்கு நெல்ல எங்க கொண்டு போறதா இருக்கீங்க?"

சகாயராஜ் நிமிர்ந்து ஒரு பதில் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. சண்டை போட்ட ஒருவரோடு மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் என்னைவிட உங்களுக்கு அது நன்றாக வரும். ஒரே நிபந்தனை: அதைக் கேட்டு ஹமீதா பானு, முழங்காலளவு தண்ணீரில் நின்றபடி, வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்.