சணப்பிலைப் பட்டு

இன்னொரு தடவை யாராவது 'பிள்ளையில்லாத வீடு' என்று சொல்லட்டும், எழுந்து போய்விடுவேன்.

மங்களாம்பிகை புருஷனின் காலடியில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நாகநாதன் விடியலில் உயிர் விட்டிருந்தார். அவளால் ஒரே இடத்தில் இருக்க முடியவில்லை. விளக்குத் திரியைத் தூண்டினாள். மாலையை நேராக்கினாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடி நகர்த்தினாள்.

வயல் அறுக்காமல் கிடந்தது. கூலிச் சண்டையால் ஆட்கள் அறுப்புக்கு இறங்கவில்லை. ஆனாலும் பாடைக்கு மூங்கில் வெட்டி வந்தவர்கள் அவர்கள்தாம்.

"மங்களம், உள்ள வா."

நாத்தனார் ஆனந்தவல்லி அவளை அறைக்குள் அழைத்துப் போனாள். இடுப்பில் மகள் வயிற்றுப் பேரன்.

"பேரன் முறைக்கு நெய்ப்பந்தம் இவன்தான் பிடிக்கணும். அந்த ஜப்பான் சட்டையை எடு. அதைப் போட்டுத் தூக்கிட்டு வந்தா, தம்பிக்கு வாரிசு இவன்தான்னு ஊரே பாக்கும்ல."

"ஊர் பாத்து என்ன ஆகணும் அண்ணி?"

"நல்லா கேட்டே போ! புது சர்க்கார் நில உச்சவரம்பைக் குறைச்சுட்டு அளக்கிற சங்கிலியோட நிக்குது. இவன் பேர்ல கொஞ்சம் எழுதினா குடும்பத்துலயே நிக்கும். பிள்ளையா குட்டியா, உனக்கெதுக்கு அவ்வளவு?"

மங்களாம்பிகை பீரோவின் கைப்பிடியைத் தொட்டாள். திறக்கவில்லை.

நடவு முறை பழக சர்க்கார் நாகநாதனை ஜப்பானுக்கு அனுப்பியபோது அவள் மாசமாக இருந்தாள். அவர் தங்கிய வீட்டுக் கிழவி, தன் மகன் குழந்தையில் போட்ட பழைய பட்டுச் சட்டையைக் கொடுத்தனுப்பினாளாம். வெங்காயத்தோல் நிறம். நட்சத்திரம் நட்சத்திரமாக இலைகள்.

"சணல் இலை. நம்ம சணப்பு மாதிரி, விட்டா நெடுநெடுன்னு வளரும். பிள்ளையும் அப்படி வளரணும்னு போடுவாங்களாம்" என்றார் வந்ததும்.

"நம்மூர்ல பூத்ததும் வயலுக்கு உரமா மடக்கி உழுதுடுவோமே" என்று சிரித்தாள் அவள்.

முதுகில் ஒரு வரி தையல், நுனியில் தொங்கவிட்ட நூல். பிள்ளை அடுப்பில் விழப் போனால் சாமி அந்த நூலைப் பிடித்து இழுத்துக்கொள்ளுமாம்.

பையன் பிறந்தான். சட்டை தோளில் பெரிதாக இருந்தது. வளரட்டும், போடலாம் என்று மடித்து வைத்தாள். அந்த வருஷ நவராத்திரியில் காய்ச்சல் வந்து போய்விட்டான். ஊர் மறந்தது. அவன் முகம் தெரிந்த இன்னொருவர் இன்று விடியல்வரை இருந்தார்.

"என்னடி நிக்கிறே? பிள்ளைக்குத் தூக்கம் வருது."

குழந்தை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கொடியில் கிடந்த துவைத்த துண்டை எடுத்து அதன் தோளில் சுற்றி, நழுவாமல் முடிச்சிட்டாள்.

"பந்தம் பிடிக்கட்டும் அண்ணி. சட்டை வேண்டாம்."

"ஏன், யாரு போடப் போறா?"

"அதுக்கு ஆள் இருக்கு."

பீரோவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.