இடது முன்சக்கரத்துச் சத்தம்

கிளாரன்ஸ் ஒரு தண்ணீர் லாரிக்கு அடியில் ஏழு மாதம் பதினாலு நாள் இருந்தார். ஜனவரி எட்டாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு உள்ளே போனவர் ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே வந்தார். இடையில் அந்த லாரி ஒரு நாளைக்கு ஒன்பது டிரிப் அடித்தது. அவரும் அடித்தார்.

லாரி கோவிந்தப்பாவுடையது. ஹொஸ்கோட்டைப் பக்கம் ஒரு போர்வெல்லில் தண்ணீர் பிடித்து வைட்ஃபீல்ட் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். டேங்க் நிரம்பியிருந்தால் இடது முன்சக்கரத்துப் பக்கம் 'கட்டக்' என்று ஒரு சத்தம். ரோட்டு மேட்டில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. டேங்க் காலியானால் வண்டி ஊமை. கிளாரன்ஸுக்குத் தொழில் கமான் வேலை. கமான் என்பது சக்கரத்துக்கு மேலே வளைத்து அடுக்கிய இரும்புப் பட்டைகள், பாரமெல்லாம் அதன் முதுகில்தான். முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு வண்டிக்கு அடியில் நுழையும்போதும் அவர் ஒரு வார்த்தை சொல்வார்: "சத்தத்தை நிறுத்திட்டுத்தான் வெளிய வருவேன்." அந்தச் சொல் ஒரு தடவையும் தப்பியதில்லை. அன்றைக்கும் சொன்னார். அன்றைக்குச் சத்தம் நிற்கவில்லை. அதனால் அவரால் வெளியே வர முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

மத்தியானம் பசித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. படுத்திருந்த பலகையோடு இடது பக்கம் நகர்ந்தார். ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம் நகர்ந்தும் முகத்துக்கு மேலே அதே இடது சக்கரம்தான் இருந்தது. வலது பக்கம் நகர்ந்து பார்த்தார், கால் பக்கம் நகர்ந்து பார்த்தார். வெயில் விழுந்த தரை ஒரு முழ தூரத்தில் தெரிந்தது. கையை நீட்டினால் கைக்கு வெயில் பட்டது. தோளைக் கொண்டுபோனால் வெயிலும் ஒரு முழம் தள்ளிப் போனது. இரண்டு நாள் இப்படிப் போயிற்று. வண்டி நின்றிருந்த மெக்கானிக் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு: அடியில் ஆள் இருந்தால் அவர் செருப்பு சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும், செருப்பு கிடக்கிறவரை யாரும் வண்டியைத் தொடமாட்டார்கள். மூன்றாம் நாள் காலை கோவிந்தப்பா குனிந்து பார்த்து, "ஏனு மாடோது, என்ன செய்யறது கிளாரன்ஸ், அபார்ட்மென்ட்காரங்க போன் மேல போன் போடறாங்க" என்று வருத்தப்பட்டுக்கொண்டே செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார்.

வண்டி நகர்ந்தபோது கிளாரன்ஸ் படுத்திருந்த தரையும் கூடவே நகர்ந்தது. அவர் மேல் ஒரு கீறல் இல்லை. பலகையும் ஸ்பானர் பையும் அவரும் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருக்க, அடியில் ரோடு ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடியது. முதல் வாரம் சேசிஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் விட்டுவிட்டார். அடுக்குமாடி செக்யூரிட்டிகள் கேட் நோட்டில் 'மேலே ஒருவர், கீழே ஒருவர்' என்று எழுதப் பழகினார்கள். ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் மட்டும் குனிந்து பார்த்து, இவர் பயணியா சரக்கா என்று கோவிந்தப்பாவைக் கேட்டார். கோவிந்தப்பா, "மெக்கானிக், சார்" என்றார். அதற்கு என்ன ஃபைன் என்று தெரியாததால் போலீஸ்காரர் போகச் சொல்லிவிட்டார்.

கிளாரன்ஸின் மனைவி நோரா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறவள். காலை வேலையை முடித்து, பையப்பனஹள்ளிவரை பஸ்ஸிலும் அங்கிருந்து மெட்ரோவிலும் வந்து, ஹோப் ஃபார்ம் சிக்னலில் டிஃபன் கேரியரோடு நிற்பாள். நாலாவது டிரிப் ஒன்றரை மணிக்கு அங்கே வரும். சிவப்பு விழுந்ததும் குனிந்து கேரியரை உள்ளே தள்ளி, நேற்றைய கேரியரை வாங்கிக்கொள்வாள். அந்தத் தொண்ணூறு நொடிதான் அவர்களுக்குக் குடும்பம். பாதிரியார் காணாமல் போனவர்களுக்காக ஜெபம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, காணாமல் போகவில்லை ஃபாதர், தினமும் பார்க்கிறேன், என்ன, முழுசாகப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். ஜூலையில் அவள் முழங்கால் வீங்கியது. அப்போது சிக்னலில் குனிந்து சொன்னாள்: "மாதா கொடியேத்தத்துக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல இந்த மெட்ரோ படிக்கட்டு என்னால ஏற முடியாதுங்க. அப்புறம் உங்களுக்குச் சோறும் இல்ல, எனக்கு உங்க மூஞ்சியும் இல்ல." மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றம் ஆகஸ்ட் இருபத்தொன்பது.

கிளாரன்ஸ் சும்மா படுத்திருக்கவில்லை. பாரத்தோடு ஓடுகிற வண்டிக்கு அடியில் படுத்துச் சத்தம் கேட்க எந்த மெக்கானிக்குக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? காதை இரும்பில் வைத்துக் கேட்டார். வண்டி தண்ணீர் பிடிக்க நின்ற நேரங்களில் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கமானைத் தொங்கவிடும் ஷாக்கிள் பின்னையும் புஷ்ஷையும் மாற்றினார். ஷாக் அப்சர்பரை மாற்றினார். சக்கரம் திரும்புகிற கிங் பின்னை ஆட்டிப் பார்த்தார், அது கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை மாதிரி ஒழுங்காக இருந்தது. சத்தம் மட்டும் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, தவறாமல் வந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூறு தடவை. எண்ணுவதை மே மாதத்தோடு நிறுத்தினார்.

அவர் தொடாதது ஒரே ஒரு நட்டுதான். ஒரு மெக்கானிக் நட்டை முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் பட்டைக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கொரு நிறம், கிளாரன்ஸுக்கு நீலம். இடது கமானின் நடுவில், எல்லாப் பட்டைகளையும் ஒன்றாகக் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டை ஆறு வருஷம் முன்னால் போட்டது அவர்தான். நீலக் கோடு அவர் மூக்குக்கு மேலே ஒரு சாணில், நேற்று இழுத்த மாதிரி நேராக இருந்தது. தினமும் பார்ப்பார், கண்ணை அடுத்ததுக்குக் கொண்டுபோவார்.

ஆகஸ்ட் பதினோராம் தேதி நோரா கேரியரைத் தள்ளும்போது கேட்டாள். "அந்த நீலக் கோடு யாரு போட்டது?"

"நான்தான்."

"அதையும் பாத்துட்டீங்களா?"

"அதுல பாக்க என்ன இருக்கு? அது நான் போட்டதுடி."

"கேஸை நான்தான் அணைக்கிறேன். இருந்தாலும் தெருமுனைவரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து பாக்கிறேனா இல்லையா?"

பச்சை விழுந்துவிட்டது. நாலு நாள் கிளாரன்ஸ் அவளோடு பேசவில்லை, கேரியரை மட்டும் வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் போர்வெல்லில் தண்ணீர் பிடிக்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, அந்த நட்டை இரண்டு விரலால் தொட்டார். அது பழுத்த பழம் மாதிரி கையோடு வந்தது. கூடவே பாதி போல்ட்டும் வந்தது. மீதிப் பாதி உள்ளே அச்சில் கிடந்தது. போல்ட் நடுவில் முறிந்திருந்தால் நட்டு எதற்குத் திரும்பப் போகிறது, கோடு எதற்கு உடையப் போகிறது? பாரம் ஏறினால் பட்டை நகரும், 'கட்டக்'. தன் கோட்டையே நம்பி ஏழு மாதம் படுத்திருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

புது போல்ட்டை மறுநாளே நோரா கேரியரின் மேல் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் வண்டி காலியாக, அசையாமல், இரண்டரை மணி நேரமாவது நிற்க வேண்டும். கோவிந்தப்பா நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை பாக்கலாம், கிளாரன்ஸ்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு டிரிப் இருந்தது. "நான் நிறுத்தினா ஆறு பில்டிங்ல குழாய்ல காத்துதான் வரும். உனக்கென்னப்பா, படுத்துக்கினு வர்றே. நான் உக்காந்துக்கினு வர்றேன். எனக்கு மட்டும் எறங்க நேரம் இருக்கா?" கிளாரன்ஸ் யோசித்துப் பார்த்தார். கோவிந்தப்பா சீட்டை விட்டு இறங்கி ஒரு முழு வேளை சோறு தின்றதை இந்த ஏழு மாதத்தில் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வண்டி அசையாமல் நிற்க இந்த ஊரில் இருக்கிற இடம் ஒன்றுதான், டிராஃபிக். இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் பிடித்த மழையில் சிக்னல்கள் செத்தன. காலி லாரி காடுகோடிக்கு முன்னால், ஹோப் ஃபார்ம் பக்கம், கார்களுக்கும் ஆபீஸ் பஸ்களுக்கும் நடுவில் மாட்டியது. கேரியர் கொடுக்க வந்துவிட்டுத் திரும்பிப் போக வழியில்லாமல் நோராவும் அங்கேதான் நின்றிருந்தாள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது என்று தெரிந்ததும் கோவிந்தப்பா எஞ்சினை அணைத்தார். சீட்டை விட்டு இறங்கி, ஜாக்கியை எடுத்துத் தானே போட்டார். நோரா சக்கரத்துக்கு மேலே குடை பிடித்தாள். நாலு பக்கமும் ஹாரன் அடிக்க, கிளாரன்ஸ் கமானை அச்சோடு பிடித்திருந்த யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, முறிந்த துண்டைத் தட்டி எடுத்து, பட்டைகளை நேராக்கிப் புது போல்ட்டைக் கோத்தார். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஊர் அதுவரை ஒரு அடிகூட நகரவில்லை. கோடு இழுக்கட்டுமா என்று நோரா பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். வேண்டாம் என்றார்.

காலி வண்டியில் சத்தம் நின்றதா என்று சோதிக்க வழியில்லை. பலகையோடு இடது பக்கம் நகர்ந்தார், நெற்றியில் மழை விழுந்தது, பிறகு தோளில், பிறகு வயிற்றில். அதுதான் சாட்சி. கோவிந்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்து, "இளைச்சு சின்ன ஆளாயிட்டியேப்பா" என்றார். மெட்ரோவில் அவர் மேலிருந்த ஏழு மாதக் கிரீஸுக்குப் பயந்து, அவர்களுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட் காலியாக விட்டு ஜனங்கள் நின்றுகொண்டே வந்தார்கள்.

கொடியேற்றத்துக்கு இருவரும் போனார்கள், கூட்டத்தில் ஓரமாக நின்றார்கள். வீட்டில்தான் ஒரு சங்கடம். கட்டிலில் படுத்தால் கூரை ரொம்ப தூரத்தில் இருப்பதாகக் கிளாரன்ஸுக்கு மூச்சு முட்டியது. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தார். ஒரு மத்தியானம் நோரா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது சிமென்ட் தரை அவருக்கு அடியில் மெதுவாக, முதல் கியரில் போவதுபோல ஓட ஆரம்பித்தது. கட்டிலும் கதவுப் பக்கமாக நகர்ந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"தெரியல நோரா. நாலாவது டிரிப்பா இருக்கும்."

நோரா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மிக் குழவியை எடுத்துவந்து கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். தரை நின்றது. குழவி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சட்னியை அவள் மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறாள்.