சமமாக ராவிய திருகு

கணவன் டியோனியிடமிருந்து படம் வந்த நேரம் ஜெர்லின் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பல்செட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தாள். மோலோ தேவாலயத்துக்குப் பின்தெருவில், பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை அது. கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. விரலில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புத் தூளைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள்.

அவனுடைய உள்ளங்கை. அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பித்தளைக் குழாய். குழாயின் தலையில் அவள் தன் கையால் திருத்திக் கொடுத்த எவர்சில்வர் அட்டமைசர். கீழே, அவளை 'இந்தாய்' என்று செல்லமாகக் கூப்பிடும் அவன் செய்தி.

"பெட்டி செத்துப்போச்சு இந்தாய். பாட்டில் ஒழுகி உள்ள எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. கப்பல் சமையக்காரன் இந்தக் குழாயைக் குடுத்தான். உன் சாமான் கச்சிதமா உக்காந்துடுச்சு பாரு! இன்னும் கொஞ்ச நேரத்துல சிக்னல் போயிடும். டியூட்டி முடிச்சுட்டு இழுத்துப் பாக்கப் போறேன்."

படத்தை அவள் விரித்துப் பார்த்தாள். மறுபடியும் விரித்தாள்.

டியோனி எண்ணெய்க் கப்பலில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலர். சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு, எல்லாரும் வேப் என்கிறார்களே அதற்கு, மாறி வெகுநாளாகிவிட்டது. அதன் தலையில் இருக்கும் கிண்ணம்தான் அட்டமைசர். உள்ளே கம்பிச்சுருளும் பஞ்சும் இருக்கும். நாலு இழுப்புக்கு ஒருதரம் மூடியைக் கழற்றிப் பஞ்சில் திரவம் சொட்ட வேண்டும். கிரீஸ் கையோடு இருப்பவனுக்கு அது முடிகிற காரியமா? அதனால் அவனைப் போன்றவர்கள் கீழே பேட்டரியும் பிதுக்கு பாட்டிலும் வைத்த பெட்டியை விரும்பினார்கள். பாட்டிலை அமுக்கினால் திரவம் அடியிலிருந்தே கிண்ணத்துக்கு ஏறிவிடும். அப்படி ஏறுவதற்கென்று செய்த அட்டமைசர் விலை அதிகம். சீனத்து மலிவுச் சரக்கை வாங்கி, அடியில் இருக்கும் நடுத்திருகை நெடுக்காகத் துளைத்துவிட்டால் அதே வேலையைச் செய்யும். பல் துளைக்கும் மெல்லிய பிட்டும், சின்ன மோட்டாரும், நடுங்காத கையும் ஜெர்லினிடம் இருந்தன. இலோயிலோவில் பாதிப் பேருடைய அட்டமைசர் அவள் மேசைக்கு வந்து போனதுதான்.

டியோனிக்குச் செய்ததில் மட்டும் ஒரு கூடுதல் வேலை இருந்தது. அவன் பெட்டியின் அடித்தகடு விறைப்பானது. திருகு நீட்டிக்கொண்டிருந்தால் தகடு வளைந்து திரவம் ஒழுகியது. அதனால் துளைத்த திருகை மரையோடு சமமாக ராவிக் கொடுத்தாள். பெட்டிக்கு அது சரி. அங்கே தகடு தானே எழும்பி வந்து திருகை மட்டும் தொடும்.

குழாயில் அப்படியில்லை. பேட்டரியின் தலை நேராக அட்டமைசரின் அடியில் முட்டும். நடுத்திருகு கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது மட்டும் தொடும். இல்லாவிட்டால் சுற்றியிருக்கும் மரையும் சேர்ந்து தொட்டுவிடும். பொத்தானை அமுக்கினால் மின்சாரம் கம்பிச்சுருளுக்குப் போகாது, குழாயின் உடம்பு வழியாகவே பாயும். பேட்டரி கொதிக்கும். இறுக மூடிய பித்தளைக்குள் இருந்து கொதிக்கும்.

அவன் முகத்தருகே. பெட்ரோல் ஏற்றிய கப்பலில்.

"அமுக்காதே. கழட்டு. பேட்டரியை வெளிய எடு" என்று அடித்து அனுப்பினாள். கைபேசித் திரையில் வெறும் வட்டம் வந்து நின்றது. போய்ச் சேர்ந்தால் வட்டம் நிறையும். நிறையவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். ஒலி போகவேயில்லை. பின்னால் யாரோ மெருகு மோட்டாரைப் போட்டதும், சூடேறிய பிளாஸ்டிக் வாடை எழுந்தது. தினமும் அவள் மூக்குக்குப் பழகிய வாடைதான். அன்றைக்குப் பேட்டரி எரிகிற வாடையாகத் தோன்றியது. பல்செட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் டியோனியின் அக்கா எஸ்டெர், மானாங் என்று ஜெர்லின் மரியாதையாகக் கூப்பிடுபவள், அவரைக்கொட்டையை அடுப்பில் வைத்துவிட்டுப் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெர்லின் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"அவ்வளவுதானா? நான் ஏதோ கப்பல் முழுகிடுச்சோன்னு பயந்துட்டேன்."

"மானாங், அது வெடிக்கும்."

"உன் வாயில வர்றதைப் பாரு! எத்தனை பயலுவ தெருவுல அதை ஊதிக்கிட்டுத் திரியறானுவ, எவன் வெடிச்சான்?"

"அவங்களது வேற. இந்தத் திருகை நானே ராவினேன். எனக்குத் தெரியும்."

"சரி, தெரியும். என்ன பண்ணப் போற?"

"அவரைக் கப்பலுக்கு அனுப்பின ஏஜென்சிக்குப் போன் பண்ணா கப்பலுக்கு உடனே சொல்லிடுவாங்க."

கத்தி நின்றது. "மூளை இருக்கா உனக்கு? அந்தக் கப்பல்ல வேப் வச்சிருந்தாலே வீட்டுக்கு அனுப்பிருவான்னு அவனே சொன்னான்ல? வேலை போயிரும். ஆளைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டா வேற எவன் எடுப்பான்? என் பிள்ளைங்க காலேஜ் பீஸை நீ கட்டுவியா? பல்லு வித்து?"

பானையின் மூடி ஆவியில் குதித்து டணக்கென்று உட்கார்ந்தது. ஜெர்லின் துள்ளி விழுந்தாள். எஸ்டெர் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மாம் திவினாகிட்ட போ. அவ புருஷன்தானே அங்க தலைமை இன்ஜினியர்? அவருக்கு அங்கிருந்து பேச வழி இருக்கும். காதுல போட்டா ரகசியமா வாங்கிக் கடாசிடுவாரு. வேலையும் தங்கும், ஆளும் தங்குவான்."

மாம் திவினா இருக்கும் ஜாரோவுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் ஜெர்லின் ஓட்டுநருக்குப் பின்னால் முடங்கி உட்கார்ந்தாள். அங்கே டியூட்டி முடிந்திருக்குமா? முடிந்து குளித்திருப்பான். பின்பக்கத் தளத்தில் ஒரு மூலைக்குப் போயிருப்பான். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்திருப்பான். அதற்குமேல் நினைக்க முடியாமல் ஜன்னலோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கட்டைவிரல் வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்குகிற பழக்கமும் அவனுக்கு உண்டு. அந்தக் குழாய்க்குப் பூட்டு வளையம் உண்டோ இல்லையோ. புரண்டு படுத்தாலே அமுங்கிவிடுமே.

மாம் திவினாவின் வீடு இரும்புக் கதவும் ஆர்க்கிட் தொட்டிகளுமாக இருந்தது. ஜெர்லினை வாசலறையில் உட்காரவைத்துக் குளிர்ந்த பழச்சாறு கொடுக்கச் சொன்னாள். கதையைக் கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இதை எதுக்கு என்கிட்ட சொன்ன?"

"சார்கிட்ட சொன்னா, ரகசியமா வாங்கி..."

"ரகசியமா." மாம் திவினா அந்தச் சொல்லைக் கடித்துத் துப்பினாள். "பெட்ரோல் கப்பல்ல ஒருத்தன்கிட்ட வெடிக்கிற சாமான் இருக்குன்னு தெரிஞ்சும் சார் கேப்டனுக்குச் சொல்லாம இருக்கணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவர் லைசென்ஸ் போகும், ஜெயிலுக்கும் போவாரு. அதானே?"

"நான் அப்படி நினைக்கல மாம்."

"நினைக்கல. சரி. நான் அவருக்குச் சொன்னா அவர் எழுத்துலதான் புகார் கொடுப்பாரு. பொண்டாட்டி சொன்னான்னு எழுதுவாரு. உன் புருஷனை மாட்டிவிட்டது நான்னு ஊரெல்லாம் பேசும். அது எனக்கு வேண்டாம்." எழுந்தவள் கதவருகே தயங்கினாள். "அதே கப்பல்லதான் என் ஆளும் இருக்காரு, ஜெர்லின். இப்ப இதைக் கேட்டப்புறம் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? போ. நீயே போன் பண்ணு. நீ பண்ணலன்னா நான் பண்ணிருவேன்."

இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. வெயில் தார்ச்சாலையில் எரிந்தது. கைபேசியில் வட்டம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. மானாங் எஸ்டெர் நறுக்கி வைத்த பலாக்காய்த் துண்டுகள் ஏனோ கண்ணில் வந்து நின்றன. வேலை போனால் அந்த வீட்டில் தன்னை யாரும் சும்மா விடமாட்டார்கள். டியோனியே விடமாட்டான். ஒன்றும் ஆகாமலே போனால், 'ஒண்ணும் ஆகலையேடி' என்றுதான் காலமெல்லாம் கேட்பான். கேட்கட்டும் என்று நினைத்தாள். கேட்பதற்கு அவன் இருக்கட்டும்.

மணிலாவில் இருந்த ஏஜென்சிக்கு எண்ணை அழுத்தினாள். எடுத்த பெண்ணின் குரல் குழைவாக இருந்தது. விஷயம் புரியப் புரிய அந்தக் குழைவு போய்விட்டது.

"கணவர் பேரு? கப்பல் பேரு? எந்த அறை? நீங்க சொல்றது உறுதிதானா மேடம்? இதைத் திரும்ப வாங்க முடியாது."

"உறுதி. ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்குங்க. யாரும் பொத்தானைத் தொடக்கூடாது. முதல்ல அடி மூடியைக் கழட்டிப் பேட்டரியை எடுக்கணும். தொடக்கூடாதுன்னு சொல்லுங்க."

"தெரியப்படுத்தறோம்" என்றாள் அந்தப் பெண்.

அப்புறம் காத்திருந்தாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மோலோ பூங்காவின் கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் போனார்கள். கைபேசி ஒருதரம் அலறியது. பல்செட் எங்கே வைத்தாய் என்று பட்டறையிலிருந்து கேட்டார்கள். மறுபடி அலறியபோது மணிலா எண். எடுக்கக் கை வரவில்லை. எடுக்காதவரை அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு நினைப்பு. நின்றுவிடப்போகிற கடைசி ஒலியில் எடுத்தாள்.

"உங்க கணவர் நல்லா இருக்காரு மேடம். பொருளைப் பறிமுதல் பண்ணிட்டாங்க. அடுத்த துறைமுகத்துல இறக்கி அனுப்பிடுவாங்க. கம்பெனி இனி அவரை எடுக்காது."

ஜெர்லின் முதல் வாக்கியத்துக்கு மேல் எதையும் கேட்கவில்லை. பெஞ்சில் குனிந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

ஆஸ்திரேலியாவில் அவனை இறக்கிவிட்டார்கள். அவன் வரும்வரை மானாங் எஸ்டெர் அவளோடு பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் போட்டு நகர்த்திவைத்தாள். டியோனியிடமிருந்து விமான நேரம் மட்டும் செய்தியாக வந்தது, வேறு ஒரு சொல் இல்லை. ஜெர்லினுக்கு அந்த மௌனம் புதிய பயமாக வளர்ந்தது. விமான நிலையத்துக்குத் தனியாகத்தான் போனாள்.

டியோனி பயணப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான். கண்ணைப் பார்க்காமல் முன்னால் நடந்து, ஊருக்குப் போகும் வேனில் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தான். வேன் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சிக்னல் போன அன்னிக்கு மத்தியானமே இழுத்துப் பாத்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்படி?"

"எனக்கு என்ன தெரியும்? மரை அப்ப தொடாம இருந்திருக்கும். ரெண்டு மூணு தடவை இழுத்தேன். பையில போட்டுக்கிட்டு தூங்கக்கூடப் போனேன். அப்பதான் கதவை உடைக்கிற மாதிரித் தட்டி, கேப்டன், சீஃப் இன்ஜினியர், எல்லாரும் நிக்கிறாங்க. உன்மேல வந்துச்சு பாரு ஒரு ஆத்திரம். கொன்னுபோட்டிருப்பேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கம்பெனிக்கு அனுப்பணும்னு எலக்ட்ரீஷியன் அதைக் கப்பல் பட்டறைக்குக் கொண்டுபோனான். தொடாதேன்னு காகிதத்துல வந்திருந்துச்சு. பேட்டரியை எடுக்காமலே 'பொம்பளைங்க பயம்'னு சிரிச்சான். நானும் சிரிச்சேன் இந்தாய். உன்னைச் சொல்லி நானும்தான் சிரிச்சேன். சீஃப்தான் விடல. மேசைப் பிடிப்புல மாட்டி, எங்களைக் கதவுக்கு வெளிய நிறுத்திட்டு, எலக்ட்ரீஷியனை நீளக் கம்பியால அமுக்கச் சொன்னாரு. முதல்ல ஒண்ணுமில்ல. ரெண்டாவதா ஒண்ணுமில்ல. சரி, எடுங்கடான்னு அவரே சொல்லிட்டாரு. எலக்ட்ரீஷியன் கடைசியா ஒருதரம்னு அழுத்தி அமுக்கினான்."

டியோனி சட்டையின் நெஞ்சுப் பையைத் தடவினான். காலியாகத்தான் இருந்தது.

"விசில் மாதிரிக் கத்துச்சு. அப்புறம் டமார்னு. உன் கிண்ணம் போன இடமே தெரியல. தேடினா, எதிர்ச் சுவத்து இரும்புப் பெட்டியில பொத்தல் போட்டு உள்ள கிடக்குது. அறை பூரா புகை. எலக்ட்ரீஷியன் உக்காந்து அழுதான். நான் கழிப்பறைக்கு ஓடிட்டேன்."

ஜெர்லின் அவன் கையைப் பிடித்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"உனக்கு ஒரு வரி எழுதலாம்னு நினைப்பேன். என்ன எழுதறதுன்னே தெரியல" என்றான்.

முன் வரிசையில் ஒரு கல்லூரிப் பையன் பையைத் துழாவி எதையோ எடுத்தான். கறுப்பாக, நீளமாக ஒரு வேப் குழாய். ஜன்னலைத் திறந்து உதட்டருகே கொண்டுபோனான்.

"நிறுத்து! வண்டியை நிறுத்து!" டியோனி கூரையை அடித்துக் கத்தினான்.

ஓட்டுநர் பதறி ஓரம் கட்டினார். "என்ன பாஸ், இங்க வயல்தானே இருக்கு?"

டியோனி பதில் சொல்லாமல் ஜெர்லினை முன்னால் தள்ளி இறக்கி, பெட்டியை இறக்கி, தானும் குதித்தான். பையன் குழாயைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஜெர்லின் ஜன்னலுக்கு ஓடினாள்.

"தம்பி, அதோட நடுத்திருகு வெளிய நீட்டிக்கிட்டிருக்கான்னு பாத்தியா?"

"என்னது அக்கா?"

"கழட்டிப் பாரு. அமுக்காதே, கழட்டிப் பாரு!"

வேன் நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்குள் பையன் தலையைக் குனிந்து குழாயைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. இருவரும் வரப்போரத்தில் நின்று, வேன் பாவியா ஊருக்குப் போகும் சாலையில் திரும்பி மறையும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. அதன் பிறகும் சற்று நேரம் நின்றார்கள். பிறகு டியோனி பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்தான், அவள் இன்னொன்றைப் பிடித்தாள். ஊரைப் பார்க்க நடக்க ஆரம்பித்தார்கள்.